தீட்டுக் கல்

உப்பு தோலைக் காப்பாற்றும், இரும்பைத் தின்னும். தூத்துக்குடிக் கடற்கரையில் தோல் வேலை செய்கிறவனுக்கு முதல் பாடம் இதுதான். உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன்மேல் அப்புவது உப்பு. அதே உப்பு, அந்தத் தோலை அறுக்கிற உளியின்மேல் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் விடியும்போது செம்புள்ளி விழுந்திருக்கும். தொடர்ந்து உட்கார்ந்தால் வாய் பல்லுப் பல்லாக ஆகிவிடும். பல் விழுந்த உளி தோலை அறுக்காது, கிழிக்கும். கிழித்த தோலுக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

சாகுபுரம் ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. இது பழைய ஊர்ப் பேர் அல்ல. 1950களின் கடைசியில் அங்கே வந்த காஸ்டிக் சோடா ஆலையோடு, சாகு ஜெயின் குடும்பத்தின் பேரால் வந்த பேர். சுற்றிலும் உப்பளம். பாத்தியில் வெள்ளை, அம்பாரத்தில் வெள்ளை, காற்றிலும் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை. அந்தத் திருச்செந்தூர் ரோட்டோரம் பூவரச மரத்தடியில் சாக்கு விரித்து எங்க அய்யா செருப்புத் தைத்தார். ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் ஷூ, பஸ்சுக்கு நிற்கிற பொம்பளைகளின் வார் அறுந்த செருப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பை. எங்க தாத்தா காலத்தில் கமலைச் சாலுக்குத் தோல் வால் தைத்தோம், மாட்டுக்கு வார் தைத்தோம், களத்தில் நெல் அளந்து போட்டார்கள். பம்புசெட் வந்தது, கமலை போனது. ஊசியும் உளியும் ரோட்டோரத்துக்கு வந்தன. பேர் மட்டும் எங்கும் போகவில்லை. பகடை.

தோல் வேலையைப் பற்றி நம்ம சனம் எழுதியதிலும் சொன்னதிலும் நாற்றம் இருக்கிறது, பசி இருக்கிறது, அவமானம் இருக்கிறது. அத்தனையும் உண்மை. ஆனால் அந்த வேலைக்குள் ஒரு அறிவு இருந்ததே, அதை எழுதிவைக்க வேண்டாமா? நான் அதை ஒரு இடத்திலிருந்து தொடங்குகிறேன். உளியின் வாயிலிருந்து.

அய்யாவின் சாக்குப்பையில் இருந்தவை அதிகமில்லை. ஒரு உளி. தச்சாசாரி உளி இல்லை. வாய் அகன்றது, ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டியது. தோலைத் தள்ளி அறுக்கவும், மடிக்கிற ஓரத்தைச் சீவி மெலிசாக்கவும் அதுதான். இரண்டு கத்தி. பட்டறையில் தேய்ந்து தூக்கிப் போட்ட மெஷின் ஆக்ஸா பிளேடை ஒடித்து, ஒரு முனைக்குத் துணியும் தோல்வாரும் சுற்றிப் பிடி போட்டது. குத்தூசி, கொக்கி ஊசி. அடித்து ஒட்ட ஒரு இரும்புக் கால். ஒரு கார்பொரண்டம் கல். ஒரு சாண் நீளத்தில் ஒரு தோல்வார்.

இந்தக் கடைசி இரண்டும்தான் அவருடைய பள்ளிக்கூடம். கல்லின் சொரசொரப்பான பக்கம் பல் விழுந்த வாய்க்கு. நைசான பக்கம் தினசரிக்கு. கல்லை முதலில் தண்ணீரில் நனைக்க வேண்டும். வறண்ட கல்லில் தேய்த்தால் இரும்புத் தூள் கல்லின் கண்ணை அடைத்துவிடும், அப்புறம் கல் அறுக்காது, வழுக்கும். கத்தியை எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது? அய்யாவுக்குப் பாகை தெரியாது. "ஒரு அங்குல அகலக் கத்திக்கு முதுக மூணு தீக்குச்சி கனம் தூக்கு. தூக்குன கை எறங்கக் கூடாது, ஏறவும் கூடாது" என்பார். பின்னாளில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட 14 பாகை வருகிறது. தோல் அறுக்கிற மெல்லிய கத்திக்குச் சரியான சாய்வு அது. அதற்கு மேல் தூக்கினால் வாய் தடித்துப்போகும், தோலுக்குள் இறங்காது. அதற்குக் கீழே படுத்தால் வாய் மெலிந்து, ஆணியில் பட்டதும் ஒடியும்.

ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மயிர் கனத்தில் ஒரு பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலைக் கூர் ஓடுகிற திசையில் ஓட்டினால் அறுத்துவிடும். முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகக் குறுக்கே தடவினால் பிசிறு விரலில் தட்டும். நுனியிலிருந்து பிடி வரைக்கும் ஒரே சீராகத் தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் திருப்ப வேண்டும். கடைசியில் அந்தப் பிசிறையும் எடுக்க வேண்டும். அதற்குத்தான் தோல்வார். செங்கல்லைப் பொடித்துத் துணியில் சலித்து, எண்ணெய் விட்டுக் குழைத்து வாரில் பூசி, கத்தியைப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் வாரே அறுந்துபோகும். இப்போது தோல் கருவி விற்கிறவர்கள் பச்சைக் கட்டியாக ஒரு பசை விற்கிறார்கள். குரோமியம் ஆக்சைடு கலந்தது. வேலை அதே வேலைதான்.

நாவிதர் சவரக்கத்தியைத் தீட்டியதும் இப்படி ஒரு தோல்வாரில்தான். ஊரில் மீசை முறுக்கிய பெரிய மனுசர் ஒவ்வொருவர் கன்னத்தையும் தொட்ட கத்தி, அதற்கு முன்னால் நம்ம சனம் பதனிட்ட தோலைத் தொட்டுத்தான் வந்தது. அதை யாரும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

தீட்டுவது பாதி வேலைதான். தீட்டியதைக் காப்பது மீதி. உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது தானே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடற்கரை ராத்திரிகளில் அந்த அளவு சாதாரணம். இரும்பின்மேல் ஒட்டிய கண் காணாத உப்பு, ராத்திரி உப்புநீராகிவிடும், பொழுதுக்கும் இரும்பைக் குடையும். ஆகவே எண்ணெய் பூசு என்று சொல்வது எளிது. அய்யா சொன்னது வேறு: "ஏலே, உப்பு மேல எண்ணெய வைக்காத. உள்ள உக்காந்து தின்னுரும். மொதல்ல நல்ல தண்ணி, பெறவு வெயிலு, பெறவுதான் எண்ணெ." நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பு கரைந்து போகும். வெயிலில் காய்ந்தால் ஈரம் போகும். அதற்கு மேல் விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ மெலிசாகத் தடவினால் காற்று தொடாது. வரிசை மாறினால் எண்ணெயே உப்புக்குக் காவலாகிவிடும்.

நல்ல தண்ணீர். இந்தக் கடற்கரையில் கிணற்றைத் தோண்டினால் பல இடத்தில் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் குழாயில் வரும், குடத்தில் வரும், காசுக்கு வரும். நமக்கு அது யார் கையிலிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி.

அய்யா உட்கார்ந்த இடத்துக்கு எதிரே ஒரு கடை இருந்தது. தண்ணீர் கேட்டால் டம்ளர் தரமாட்டார்கள். குனிந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஒரு முழ உயரத்திலிருந்து செம்பைச் சரிப்பார்கள். பாதி கைக்கு, பாதி மண்ணுக்கு. ஒருநாள் சாயங்காலம் அய்யா கையைச் சேர்க்காமல் உளியை நீட்டினார். கடைக்காரர் ஒரு எட்டுப் பின்னால் போனார்.

"என்னடே, ஆயுதத்தக் காட்டுத?"

"எனக்கு வேண்டாம் சாமி. இதுக்குத்தான் தாகம்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். செம்பு கீழே இறங்கியது. உளியின் வாய்க்கு இரண்டு விரல்கடை உயரத்தில் நின்று தண்ணீர் விழுந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புக்குத் தீட்டு இல்லை. அதைப் பிடித்திருந்த கைக்குத்தான் தீட்டு.

இங்கே சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளே நாங்கள் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் கூருக்குப் பேர் 'பதுனு'. தொட்டால் ஒட்டும் என்கிற அந்த அசுத்தத்துக்குப் பேர் 'மைல'. இரண்டுக்கும் ஒட்டு இல்லை, உறவு இல்லை. வெளியே வந்து தமிழ் பேசினால் இரண்டும் ஒரே சொல்லாக நிற்கின்றன. கத்தியைத் தீட்டு, அறிவைத் தீட்டு, சித்திரம் தீட்டு, அரிசி தீட்டு. செத்தால் தீட்டு, பிறந்தால் தீட்டு, பெண் ஒதுங்கி உட்கார்ந்தால் தீட்டு, பகடை தொட்டால் தீட்டு. தீண்டு என்பதிலிருந்து வந்தது இந்தப் பின்னால் சொன்ன தீட்டு. தொடுதல். கல்லை இரும்பு தொட்டால் கூர் வருகிறது. மனுசனை மனுசன் தொட்டால் அசுத்தம் வருகிறதாம். ஒரு சாதி முழுக்க நாள் முழுக்கக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஊர் தீட்டு தீட்டு என்று விலகிப் போனது.

கருவியை மதித்துக் கருவிக்காரனை மிதிக்கிறது இன்று நேற்று வந்ததில்லை. புறநானூற்றில் சாத்தந்தையார் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போரைப் பாடுகிறார் (82-ஆம் பாட்டு). அந்தப் போரின் வேகத்துக்கு அவர் தேடிப்பிடித்த உவமை, அவசரமாகக் கட்டில் பின்னுகிறவன் கையில் வாரைச் செலுத்தும் ஊசி. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை வேறு, பொழுதும் சாய்கிறது. அப்படிப்பட்ட ஒருவன் கை எப்படிப் பறக்கும்! புலவர் கூர்ந்துதான் பார்த்திருக்கிறார். அவன் வீட்டுக் கவலை வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அவனுக்கு அவர் வைக்கிற பேர் இழிசினன். ஊசி ராசாவின் வீரத்துக்கு உவமையாகலாம், ஊசி பிடித்த கை மட்டும் இழிந்தது.

அதே புறநானூற்றில் 95-ஆம் பாட்டில் ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்களைப் பார்த்துக் கேலியாகப் புகழ்கிறார். அவை மயில்பீலி சூடி, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மனைக்குள் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ குத்திக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன. பள்ளியில் இதை வீரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. நெய் பூசினால் இரும்பு கெடாது என்பது ராசாக்களுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த வேலுக்கும் வாளுக்கும் நெய் பூசிய கை யாருடையது? பாட்டில் இல்லை. வேலைசெய்து தேய்ந்த கருவி, சும்மா இருந்து மினுங்குகிற கருவியைவிட உயர்ந்தது என்று ஔவையார் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த நியாயம் போர்க்களத்துக்கு மட்டும்தானா? எங்க அய்யாவின் கத்தி ஒரு அங்குல அகலத்திலிருந்து அரை அங்குலமாகத் தேய்ந்தது யாரையும் குத்தியதால் அல்ல.

காப்பதில் இன்னொரு பாடமும் உண்டு. தோல் வேலைக்காரன் தன் உளியைத் தோல் உறையில் வைக்கக்கூடாது. வெளியாளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலில் துவர்ப்பு இருக்கிறது. ஈரத்தோடு இரும்பு அதில் படிந்தால் கறுத்துவிடும். கூடவே தோலில் மிச்சமிருக்கும் உப்பும் சேர்ந்துகொள்ளும். வேலைக்குத் தோல் உறை போட்டுக்கொள்ளலாம், ராத்திரிக்கு எண்ணெய்த் துணியில் சுற்றித் தனியே வைக்க வேண்டும். அய்யா பழைய வேட்டித் துணியைத்தான் வைத்திருந்தார். தகரப் பெட்டிக்குள், உலர்ந்த உமிக்கு நடுவில்.

துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து வருகிற அந்தக் கறுப்பு என்ன தெரியுமா? மை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிப் பழைய காலத்தில் எழுதினார்களே, அதே மை. எங்க அய்யா விரலில், நகக்கண்ணில் எப்போதும் அந்தக் கறுப்பு இருந்தது. சோப்பு போட்டாலும் போகாது. எழுதத் தெரியாதவர் விரலெல்லாம் மை. பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்துக் கேட்டார்கள், அவர் பெருவிரலை நீட்டினார். அதற்கும் அவர்கள் தனியாக மை தடவினார்கள்.

இவ்வளவு சொல்வதால் தோல் தொழில் புனிதம், அதைக் காப்போம் என்று சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாகுபுரம் ஆலையின் வேர் குஜராத்தில் இருக்கிறது. 1925-ல் திராங்கத்ராவில் தொடங்கிய சோடா ஆலைதான் அது. அந்தத் திராங்கத்ரா சுரேந்திரநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 2016 ஜூலை 11 அன்று அதே குஜராத்தில், ஊனா பக்கம் மோட்டா சமாதியாலா கிராமத்தில், செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித்துகளைப் பசுக் காவலர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அடித்தார்கள். இளைஞர்களைச் சட்டையைக் கழற்றிக் காரில் கட்டி, ஊனா நகரத்தில் வைத்து ஊர் பார்க்க அடித்தார்கள். அவர்களிடமும் கத்தி இருந்தது, தோல் உரிக்கிற கத்தி. தீட்டிய கத்திதான். அது மாட்டுக்குத் தீட்டியது, மனுசனுக்கு அல்ல. அடித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்துதான் இருந்தது, அதனால்தான் பயமில்லாமல் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் மாடு, நீங்களே அடக்கம் பண்ணுங்கள். கத்தியைக் கீழே வைத்தார்கள். மாட்டின் வாலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலத்தைக் கொடுங்கள் என்று முழங்கினார்கள். கத்தியை வீசுவதைவிட வைப்பது பெரிய போராட்டமானது. அண்ணல் அம்பேத்கர் 1927-ல் மகத்தில், செத்த மாட்டை இழுப்பதையும் அதைத் தின்பதையும் விடுங்கள் என்று நம்ம சனத்திடம் சொன்னதன் தொடர்ச்சி அது. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலைக்காரனைப் பிரிப்பது என்று 1936-ல் அவர் எழுதியதன் பொருளும் அதுவே.

இங்கே தமிழ்நாட்டிலும் இந்தச் சண்டை ஓய்ந்ததில்லை. 1953-ல் ராஜாஜி ஆட்சி, அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பேர் வாங்கி, 1954-ல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. அது நடந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன், மூணு தீக்குச்சிக் கனத்தைக் கணக்குப் போட்டும் பார்த்திருக்க மாட்டேன். 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், அதில் செருப்புத் தைப்பதும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உண்டு. நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் குடும்பம் வழிவழியாகச் செய்துவருகிற தொழிலாக இருக்க வேண்டும் என்றது நிபந்தனை. அதனால் இந்த வடிவில் இதை நிறைவேற்ற முடியாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு எழுதியது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-ல் தொடங்கியது.

ஒரு உளி வாங்கக் காசு தருவது தப்பில்லை. அந்த உளி எவன் கைக்குப் போக வேண்டும் என்று அவன் தாத்தாவிடம் கேட்டுவிட்டுத் தருவதுதான் தப்பு. அதே 15,000 ரூபாய்க்கு ஒரு அய்யர் வீட்டுப் பையனும் செட்டியார் வீட்டுப் பையனும் வரிசையில் நின்று, குத்தூசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, ரோட்டோரம் சாக்கு விரித்து உட்காரட்டும். அன்றைக்கு இது தொழில். அதுவரைக்கும் இது சாதி.

சென்ற வருசம் ஒரு மாணவர் கூட்டத்தில் அய்யாவின் கருவிகளைப் பற்றிப் பேசினேன். முடிந்ததும் ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "தோழர், அடிமைச் சின்னத்தை எதுக்கு எண்ணெ பூசிப் பத்திரமா வச்சிருக்கீங்க? கடல்ல எறிஞ்சிர வேண்டியதுதான?"

நியாயமான கேள்வி. எறிகிறவர்களை நான் தடுக்கமாட்டேன், அவர்கள் பட்டது அவர்களுக்குத்தான் தெரியும். நான் அவனிடம் சொன்னது இது: "தம்பி, அடிமைத்தனம் இந்த இரும்புல இல்ல. தண்ணி ஊத்துன ஒசரத்துல இருந்துச்சு, களத்துல அளந்த நெல்லுல இருந்துச்சு, கூப்பிட்ட பேர்ல இருந்துச்சு. அதையெல்லாம் எறியணும். இரும்புல இருக்கது எங்க அய்யா படிச்ச படிப்பு. அத எறிஞ்சா, அவரு ஒண்ணும் தெரியாத ஆளுன்னு ஊரு சொன்னது சரின்னு ஆயிரும்."

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "படிப்புன்னா எழுதி வைங்க தோழர், இரும்பு எதுக்கு?" என்றான். பாதி சரிதான். அதனால்தான் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், தெருவில், இந்த வேலை பார்த்த கிழடுகட்டைகள் இன்னும் இருக்கலாம். பட்ட பாட்டைக் கேளுங்கள், அதோடு செய்த வேலையையும் கேளுங்கள். எந்தத் தோலுக்கு எந்தச் சாய்வு, எந்தக் கல், எந்த எண்ணெய்? ஆவாரம்பட்டைத் தோல் விறைப்பாக நின்று கொடுக்கும், குரோம் போட்ட தோல் இழுபட்டு ஓடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கு எப்படி அறுக்க வேண்டும் என்றும் தெரியும். கருவிக்கு அவர்கள் வைத்திருந்த பேரையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தெலுங்கானால் தெலுங்கு, கன்னடமானால் கன்னடம். திருத்தாதீர்கள்.

தண்ணீரில் நனைக்காமல் கல்லைத் தொடாதீர்கள். மூணு தீக்குச்சிக் கனம், கை இறங்கக்கூடாது. பிசிறு ஒரே சீராகத் தட்டும் வரை திருப்பாதீர்கள். வாரில் பின்பக்கமாக இழுங்கள். நல்ல தண்ணீர், வெயில், அப்புறம்தான் எண்ணெய். தோல் உறையில் வைக்காதீர்கள். எந்தச் சாதியில் பிறந்தவரானாலும், கல் வாங்கி ஒருமுறை செய்து பாருங்கள்.